பொதுச்சுவர்

மார்ச் 3, திங்கள்

நேற்றுக் காலை வீட்டு ஓனர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மின்மீட்டரைப் பார்த்தபடி பேசினார். "மாடியில கணக்கு வாத்தியார் ரொம்பச் சொல்றாரும்மா. பாத்திரம் உருள்ற சத்தம், அழுற சத்தம்... அவங்களுக்கும் வயசாச்சு. குடும்பம்னா சண்டை இருக்கத்தான் செய்யும். அதைக் கொஞ்சம் மெதுவா போட்டுக்கக் கூடாதா?"

நிறுத்தச் சொல்லவில்லை. மெதுவாகப் போடச் சொல்கிறார்! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதடு வீங்கியிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

மூன்று மாதத்தில் காலி பண்ண வேண்டுமாம். இவரிடம் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடிதான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். இல்லை. "வாடகை வீட்டுல இருந்தா கண்டவன்கிட்டயும் பேச்சு வாங்கணும். சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், என் தோள் உயரம் வந்துவிட்டாள், கூப்பிடுவதுதான் பாப்பா.

இதை ஆஸ்பத்திரியில், காது சோதிக்கும் அறையில், மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நாலு பக்கமும் பஞ்சு அடைத்த சின்ன அறை. வருகிறவர்கள் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, ஒரு நாளைக்கு முப்பது தடவை ஒரே வசனம் பேசுவேன்: "சத்தம் கேட்டா அழுத்துங்க. லேசா கேட்டாலும் அழுத்துங்க." உள்ளே கதவைச் சாத்திவிட்டால் ஒருத்தர் செத்தால்கூட வெளியே தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

வீடு பார்க்கப் போனோம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் புது நகர், இந்தப் பக்கம் பழைய நகர். நடுவில் ஒரு பாலம்தான். கல்லெறிகிற தூரம். ஆனால் அது வேற உலகம், இது வேற உலகம்.

புது நகரில் எல்லாம் தனி வீடு. வீட்டைச் சுற்றி இடம், அதைச் சுற்றி ஆள் உயர மதில், அதற்கு மேல் கண்ணாடிச் சில்லு. தெருவில் ஒரு மனித முகம் இல்லை. தரகர் (மீசைக்கு மட்டும் மை பூசுகிறவர்) படுக்கையறைக்குள் இவரை நிற்க வைத்து, கதவைச் சாத்தி, கூடத்தில் ரேடியோவை அலற விட்டார். பிறகு கதவைத் திறந்து, "ஏதாச்சும் கேட்டுச்சா சார்?"

"ஒண்ணுமே கேக்கல!" இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாண போட்டோவில்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

பழைய நகரில் எல்லாம் ஒட்டு வீடு. இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தரகர் கடமைக்குச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் பொதுச்சுவர் சார். பாதி நம்மளுது, பாதி பக்கத்து வீட்டுக்காரங்களுது. ஆணி அடிக்கணும்னாக்கூட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

"என் வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்க நான் எவனைக் கேக்கணும்?" என்றார் இவர்.

அப்போது பக்கத்து வீட்டில் யாரோ தும்மினார்கள். அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து "நூறு ஆயுசு!" என்று ஒரு குரல் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

மார்ச் 11, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். புது நகர் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "எவ்வளவு அமைதி பாத்தியா? இங்க மாதிரி பயந்து பயந்து இருக்க வேணாம்." பேசாமல் இருந்திருக்கலாம். "யாரு பயந்து பயந்து இருக்கறது?" என்று கேட்டேன். கேட்டே தீர வேண்டுமா எனக்கு?

பீரோவுக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்த என் கையை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு இடுப்பால் அழுத்திக்கொண்டு நின்றார். கத்தினால் மேலே கேட்கும் என்று என் வாயைப் பொத்தியதும் அவர் கைதான். மாடியில் வாத்தியார் நாற்காலியை நகர்த்துவது கேட்டது. அவருக்கு மட்டும் நாங்கள் கேட்கவில்லையாக்கும்.

மார்ச் 12

முழுக்கைச் சட்டை. இந்த வெயிலில். வெந்து சாகிறேன்.

மார்ச் 15, சனி

இன்றைக்கு நான் செய்த வேலையை வேறு எவளும் செய்திருக்க மாட்டாள்.

அரை நாள் லீவு போட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனேன். "இன்னொரு தடவை நிதானமா பாக்கணும்" என்றேன். முதலில் புது நகர். தரகர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஐயோ! யாராவது வாங்களேன்!" என்று. மூன்று தடவை. தொண்டை கமறியது. வெளியே வந்தால் தரகர் இன்னும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். தெருவில் ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

அப்புறம் பாலத்தைத் தாண்டிப் பழைய நகர். தரகர் கூடத்தில் நிற்க, நான் உள்ளறைக்குள் போய்க் கத்தினேன். ஒரே ஒரு தடவைதான்.

வாசல் கதவு படாரென்று திறந்தது. கையில் டயர் நெம்புகிற முழ நீள இரும்பு லிவரோடு, கறுத்த எண்ணெய்க் கையோடு, வெறுங்காலோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் கையெல்லாம் சோப்பு நுரையோடு இன்னொருத்தி. முதலாமவள் தரகரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சுவராகச் சேர்த்துவிட்டாள். "எவன்டா நீ? வீடு காட்டறேன்னு கூட்டிட்டு வந்து என்னடா பண்ற?"

"அம்மா! நான் தரகும்மா! அந்தம்மாவையே கேளுங்கம்மா!" பாவம், மீசை மையெல்லாம் வியர்வையில் வழிகிறது. நான் ஓடி வருவதற்குள் முட்டியில் ஒன்று வாங்கிவிட்டார்.

"இல்லக்கா, அவர் ஒண்ணும் பண்ணல. பல்லி. பல்லி மேல விழுந்திடுச்சு. பயந்துட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரி, தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாளாம், எல்லோரும் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் காலரை விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் கையின் ஓரத்தில் தெரிந்த நீலத்தைப் பார்த்தாள்.

"பல்லியா? எத்தனை அடி உயரம் அந்தப் பல்லி?"

பாலத்தின் மேல் வந்து அழுதேன். தரகர் நொண்டிக்கொண்டே, "வீடு புடிக்கலன்னா விடுங்கம்மா, இதுக்கு எதுக்கு அழுதுக்கிட்டு" என்றார்.

எனக்கு இந்த வீடுதான் வேண்டும். இடிந்த வீடாக இருந்தாலும் இதுதான்.

மார்ச் 18

புது நகர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வங்கிக் கடனுக்கு என் சம்பளமும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். அது என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூடம் கிளம்பும்போது பாப்பா கேட்டாள். "அந்தப் புது வீட்டுல என் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்காம்மா?"

"இருக்கு."

"உன் ரூமுக்கு?"

பஸ் வந்துவிட்டது. நல்லவேளை.

மார்ச் 24, திங்கள்

எழுதி முடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வங்கிக் காகிதங்களை மேஜையில் பரப்பி, பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து.

"இதுக்குப் போட மாட்டேன். பழைய நகர்னா போடறேன்."

"அந்தக் குருவிக்கூட்டுல என்னடி இருக்கு?"

"ஆளுங்க இருக்காங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் பயங்கரம். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதுவும் புரியாதவருக்கு இது ஒரு நொடியில் புரிந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்தார். தலையைச் சுவரில் மோதினார். ஒன்று. இரண்டு. அடுத்தது எண்ணவில்லை. காரை பெயர்ந்து கண்ணில் விழுந்தது. கை துழாவியதில் இஸ்திரிப் பெட்டி கிடைத்தது, தூக்கி அடித்தேன். ஆமாம், அடித்தேன். தோளில் பட்டது. "என்னையே அடிக்கிறியா நீ?" என்று ஒரு கணம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு நின்றார். அப்புறம் உள்ளங்கையை விரித்து இடது காதில் ஓங்கி ஒரு அறை.

உள்ளே ஏதோ படக்கென்றது. பிறகு கீ என்று ஒரு சத்தம். நாலாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும். தரையில் கிடக்கிறேன், வாயில் ரத்தம், அப்பவும் என் புத்தி வேலையைப் பார்க்கிறது பாரேன்!

பாப்பா மாடிக்கு ஓடினாள். கதவைத் தட்டுவது கேட்டது. "தாத்தா! அம்மாவை அடிக்கிறாரு! கதவைத் திறங்க தாத்தா!" என்று கத்துவதும் கேட்டது. நல்ல காதில் கேட்டது. அப்புறம் இறங்கி வந்தாள். படியில் மெதுவாக, ஒவ்வொரு படியாக.

"திறக்கலம்மா. டிவி சத்தத்தைத்தான் கூட்டினாங்க."

இவ்வளவு நாள் பைத்தியக்காரி மாதிரி நினைத்திருந்தேனே, யாருக்காவது கேட்டால் போதும் என்று! கேட்கத்தான் கேட்கிறது. எல்லாருக்கும் கேட்கிறது. வாத்தியாராம் வாத்தியார். அந்த டிவியைத் தூக்கி அந்த ஆள் மண்டையிலேயே போடணும். நாசமாப் போக.

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "சோறு போடு" என்றான். போட்டேன். தோள் வலிக்கிறது என்று இடது கையால் தண்ணீர் குடித்தான்.

நேற்றுக் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில், பள்ளிப் பையில் பாப்பாவின் துணி, என் கைப்பையில் சான்றிதழ்கள். பாலத்தைத் தாண்டி நடந்தோம். பஞ்சர் அக்கா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள போய் உக்காருங்க. டீ சொல்றேன்."

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பாதியில் 'அவர்' போய் 'அவன்' வந்திருக்கிறது. திருத்தவில்லை.

மார்ச் 25

நான் ஆட்களை உட்கார வைக்கிற நாற்காலியில் இன்று நான். டாக்டரே மெஷினைப் போட்டார். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்ததும் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தேன். காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, சத்தம் எப்போதோ வந்து போய்விட்டது என்று.

"செவிப்பறை ஆறிடும். உள்ள இருக்கறது..." என்று நிறுத்தினார். "எப்படி ஆச்சு?"

பல்லி என்று வாய் வரை வந்தது. "புருஷன்" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்டேஷனில் அதை வாங்கிப் படித்துவிட்டு, "பேசித் தீத்துக்கப் பாருங்களேன்" என்றார்கள். எந்தக் காதில் பேசச் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்காவுக்குப் பக்கத்து வீட்டின் முன்பாதியை மட்டும் தனியாக விற்கச் சம்மதித்துவிட்டார்கள். இரண்டு பேர் சம்பளத்துக்கு மூன்று அறை. ஒருத்தி சம்பளத்துக்கு ஒன்றரை அறை. அந்த அரை அறையில் சமையல், பாப்பாவின் படிப்பு, என் தையல் மெஷின், எல்லாம். பத்திரத்தில் எழுதியிருக்கிறது: வடக்கே பொதுச்சுவர், தெற்கே பொதுச்சுவர். வடக்கில் அக்கா. தெற்கில் காலி வீடு. தரகர் கமிஷனே வேண்டாம் என்றார். அப்புறம் பாதி வாங்கிக்கொண்டார். முட்டியில் வாங்கியவர், கேட்க உரிமை உண்டு.

மே 4

ஒரு லாபத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். வலது காதைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு படுத்தால் உலகமே நின்றுவிடுகிறது. பத்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை. பாப்பா என்னை எழுப்ப உலுக்க வேண்டியிருக்கிறதாம்.

மே 18, ஞாயிறு

வந்தான்.

காலையில், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். பாப்பாதான் கதவைத் திறந்தாள். "அம்மாகிட்ட தனியா பேசணும், நீ வெளிய போ" என்று அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் உடம்பு தானாகக் குறுகியது. இந்தக் கழுதை உடம்பு எதையும் மறக்கவில்லை.

"வீட்டுக்கு வா."

"இதுதான் என் வீடு."

அவ்வளவுதான். கழுத்தைப் பிடித்தான். ஆப்பிளெல்லாம் தரையில் ஓடியது. சுவரில் மோதினான். வடக்குச் சுவர். ஒன்று. இரண்டு. கண் இருட்டியது. மூச்சு இல்லை, கத்த முடியவில்லை. குதிகாலால் சுவரை உதைத்தேன். லேசாகத்தான் கேட்டிருக்கும்.

கதவு திறக்கவில்லை. பெயர்ந்தது. டயரை ரிம்மிலிருந்து கழற்றுகிற மாதிரி லிவரைக் கொடுத்து நெம்பிவிட்டாள். பஞ்சர் அக்கா, அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல் பெரியவர், சோப்புக்காரி, இன்னும் யார் யாரோ.

அவன் கையை எடுத்துவிட்டுச் சட்டையைச் சரி செய்துகொண்டான். ஆபீஸ் குரலில் சொன்னான்: "இது எங்க குடும்ப விஷயம். நீங்க யாரு நடுவுல?"

"நானா? சுவத்துக்குச் சொந்தக்காரி. பொதுச்சுவர்டா இது, பாதி என்னுது. ஆணி அடிக்கவே என்னைக் கேக்கணும். அவ தலையை வெச்சு அடிக்கறியே, என்னைக் கேட்டியா?"

லிவர் முழங்காலில் இறங்கியது. விறகு முறிகிற சத்தம். தெருவுக்கு இழுத்துப் போட்டார்கள். பெரியவரின் ஊன்றுகோல், யாருடைய செருப்போ, வாளியோ, எல்லாம் அவன் மேல். "சொல்லு இவங்ககிட்ட! ஏய்! நிறுத்தச் சொல்லு!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

கேட்டது. வலது காதில் நன்றாகவே கேட்டது.

நான் உள்ளே போய் டிவியைப் போட்டேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். யாரோ என்னவோ பாடிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? வயிறு குளிர்ந்து போயிற்று.

டிவி பட்டென்று நின்றது. பாப்பா வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நீயும் அந்தத் தாத்தா மாதிரி பண்ணாதம்மா."

வெளியே போனேன். அக்காவின் கையைப் பிடித்தேன், எண்ணெயும் ரத்தமுமாக வழுக்கியது. "போதும்க்கா. விடுக்கா. போதும்." இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விட்டாள். அவனை ஆட்டோவில் ஏற்றியது பெரியவர்தான். காசு கொடுத்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அவனுக்காகச் சொல்லவில்லை. அதை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

மே 19

பாப்பா ஆப்பிள்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. நாற்றம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 6

முழங்கால் தேறிவிட்டதாம், நொண்டுகிறானாம். தரகர் சொன்னார். என் சம்பளம் இல்லாமல் புது நகர் வீட்டுக்குக் கடன் கிடைக்கவில்லை, அட்வான்ஸும் போய்விட்டதாம். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அக்கா கடையிலிருந்து ஒரு பழைய லிவரைக் கொண்டுவந்து என் வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினாள். "இருக்கட்டும்." அந்த ஆணியை அடிப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டுக்கொண்டாள். "அடிக்கட்டுமாடி?" என்று, அவ்வளவு மரியாதையாக!

செப்டம்பர் 2

தெற்கு வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. புதுசாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் சிரித்த முகம். அவள் கணவன் என்னிடம், "சுவர் ரொம்ப ஒல்லியா இருக்கே, எல்லாம் கேக்குமா?" என்று கேட்டான்.

"எல்லாம் கேக்கும் தம்பி" என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்தேன். தெற்குச் சுவர் என் இடது பக்கம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாப்பா பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா. அந்தப் பக்கம்."

மெஷினை நிறுத்தினேன். உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். ஒரு அதிர்வு. இன்னொன்று. வலது காதைக் கொண்டுபோய் ஒட்டினேன். யாரோ வாயைப் பொத்தி வைத்திருக்கும்போது வருகிற சத்தம். எனக்குத் தெரியாதா அது?

ஒரு கணம் அப்படியே நின்றேன், மறைக்க மாட்டேன். அந்த ஒரு கணத்தில் டிவி ரிமோட் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. அப்புறம் லிவரை ஆணியிலிருந்து எடுத்தேன். செருப்புப் போட நேரமில்லை.

என்ன நடந்தது என்று நீட்டி முழக்க வேண்டாம். யார் மேலும் லிவர் படவில்லை. கதவைத் திறந்தவன் முதலில் அதைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். அந்தப் பெண் இப்போது எங்கள் கட்டிலில், பாப்பாவை ஒட்டிக்கொண்டு தூங்குகிறாள். கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது, சோதித்துவிட்டேன்.

லிவரைத் துடைத்து ஆணியில் மாட்டியாயிற்று. தரையில் பாய் போட்டுவிட்டேன். இனிமேல் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். வலது காது மேலே இருக்கட்டும்.